கப்பலுக்கு நேரமாச்சு

இதோ, இப்போது வந்துவிடும். முதலில் உள்ளங்காலில் ஒரு குறுகுறுப்பு. அப்புறம் நெஞ்சுக்குள் வெகுநாளாய்ப் பூட்டிக் கிடந்த ஜன்னல் ஒன்று படாரென்று திறக்கும். இலங்கையின் காலித் துறைமுகத்தில் அப்படித்தான் வந்தது. கொழும்பிலும் வந்தது. இன்றைக்கு என்ன இவ்வளவு தாமதம்?

சுடர்விழி மடியில் கிடந்த இடது மணிக்கட்டைப் பார்த்தாள். அதில் கப்பல்காரர்கள் பூட்டிவிட்ட பட்டை, கறுப்பாக, மெலிதாக, ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் பரபரப்போடு அவள் அதற்காகக் காத்திருந்தாள். திரும்பிப் போகும் நேரத்துக்காக ஆசையோடு காத்திருக்க முடியும் என்பதே அவளுக்கு இந்த வாரம்தான் தெரிந்திருந்தது.

திருகோணமலையில், பாலையூற்று மாதா கோவிலுக்குப் பின்தெருவில் இருந்த ஒரு சின்ன வீட்டின் முன்னறை அது. உணவு மேசையில் எதிரெதிரே இரண்டு பெண்கள். ஒருத்தி ஜெசிந்தா, கப்பலில் பக்கத்து அறைக்காரி, இதே ஊரில் பிறந்து தூத்துக்குடியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மற்றவள் அவளுடைய தங்கை பிலோமினா. இருவரும் பேச்சை நிறுத்தி இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. வருகிறேன் என்று ஜெசிந்தா ஒரு கடிதம் மட்டும் போட்டிருந்தாள். "சுடரு, நீ கூட வாம்மா. தனியாப் போனா வாசல்லயே திரும்பிருவேன்" என்று ஜெசிந்தா கெஞ்சியதால்தான் சுடர்விழி வந்திருந்தாள். இல்லாவிட்டால் கோணேசர் மலைக்குப் போன கூட்டத்தோடு போயிருப்பாள். ஜெசிந்தா அன்று காலை கண்ணாடி முன் நின்று மூன்று சேலை மாற்றியிருந்தாள்.

"சாப்பிடன். உனக்கெண்டுதான் விடியக் காலமை போய் வாங்கினது. முட்டை நண்டு" என்றாள் பிலோமினா, அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

"நீ சாப்பிடன் முதல்ல."

"எனக்கு நண்டு ஒத்துவாறேல்ல இப்ப."

"அப்ப எனக்காகவோ சமைச்சனி?"

"வேற ஆருக்கு?"

அந்த 'வேற ஆருக்கு' மேசைமேல் ஆவி பறக்க இருந்தது. தூத்துக்குடிப் பேச்சையே பேசிப் பழகிப்போன ஜெசிந்தாவின் நாக்கு, இந்த வீட்டுக்குள் நுழைந்ததும் தன்னை அறியாமலேயே பழைய பேச்சுக்குத் திரும்பியிருந்தது. ஒரு பெண்ணின் வாய்க்குள் இத்தனை வருடம் இன்னொரு பெண் காத்திருந்தாள் போலும்.

சுடர்விழிக்குத் திரும்புதல் என்பது வேறு வகை. அவள் தாவரவியல் விரிவுரையாளர். ஆறு மணி ஆனால் கணவர் முரளியிடமிருந்து அழைப்பு வரும். கோபம் எதுவும் இருக்காது. "எங்க இருக்கே?" என்ற ஒரே கேள்விதான். அந்தக் கேள்வி வந்துவிடக் கூடாதே என்று அவள் ஐந்து மணிக்கே கடிகாரம் பார்க்கத் தொடங்கிவிடுவாள். கச்சேரியில் மங்களம் கேட்டதில்லை. கல்யாண வீட்டில் பெண் புறப்பட்டதைப் பார்த்ததில்லை. குழுப்படம் எடுப்பது எப்போதும் கடைசியில் என்பதால், கல்லூரியின் எந்தக் குழுப்படத்திலும் அவள் இல்லை.

அவரும் இந்தக் கப்பலில்தான் வந்திருந்தார், ஆனால் பட்டை இருக்கிறதே என்று அழைப்பதில்லை; அந்தப் பயம் இங்கே இல்லை. தூத்துக்குடியில் ஏறும்போதே பயணிகள் நல அலுவலர் நிரஞ்சன் எல்லாரையும் உட்கார வைத்து விளக்கியிருந்தான்.

"முன்னெல்லாம் ஊர் சுத்திப் பார்க்கப் போறவங்க நேரத்தை மறந்துருவாங்க. கப்பல் நிக்காது. கையில பையோட துறைமுகத்துல ஓடி வருவாங்க, மேல்தளத்துல நிக்கறவங்க அதைப் படம் எடுத்துச் சிரிப்பாங்க. இனிமே அந்த அசிங்கம் இல்ல. இந்தப் பட்டை மணிக்கட்டு நரம்பு வழியா மூளைக்கு மெதுவா ஒரு சமிக்ஞை அனுப்பும். கிளம்பற நேரத்துக்கு ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாலயே உங்களுக்கே தோணும், 'வீட்டுக்குப் போலாம்'னு. ஆசையாத் தோணும். ஓடி வருவீங்க. வந்து ஏறினதும் நின்னுரும்."

"கட்டாயப்படுத்துமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"சேச்சே. சந்தோஷப்படுத்தும், அவ்ளோதான்."

எங்கள் ஊர்க் கோவில் காப்பு மாதிரி, கட்டினால் எல்லை தாண்ட முடியாது என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து பயணிகள் எல்லாருக்கும் அது 'காப்பு' ஆகிவிட்டது. அது செய்யும் காரியத்துக்கு 'இழுப்பு' என்று பெயர் வந்தது.

சுடர்விழிக்கு அதைப் பூட்டியவள் வள்ளியூர்ப் பக்கத்துப் பெண். சுடர்விழியின் மணிக்கட்டில் ஏற்கெனவே அம்மன் கொடைத் திருவிழாவில் கட்டிய மஞ்சள் கயிறு மூன்று சுற்றாய் இறுகிக் கிடந்தது. அந்தப் பெண் அதைத் தொட்டுப் பார்த்தாள். "இதக் கழட்டணும்னுதான் சொல்லியிருக்காங்கக்கா. ஆனா எப்படிக் கழட்டறது, தானா அறுந்துல்லா விழணும்" என்றாள். அவள் கையிலும் ஒன்று இருந்தது. கயிற்றுக்கு மேலேயே பட்டையைப் பூட்டிவிட்டு, அம்மன் பக்கத்தில் இருந்தால் நல்லதுதானே என்பதுபோல் ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

கொழும்பில் இறங்கி ஏறியபோதே சுடர்விழி தன்னை அடையாளம் தெரியாமல் திகைத்தாள். காலியில் இன்னும் மோசம். கோட்டை மதில்மேல் உப்பும் மிளகாயும் தூவிய மாங்காயைக் கடித்துக்கொண்டு, காற்று தலைமுடியை அள்ளி வாயில் திணிக்க, கடிகாரத்தை ஒரு தடவைகூடப் பார்க்காமல் நின்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தபடி கப்பலை நோக்கி நடக்கத் தொடங்கியபோது அவளுக்குள்ளும் அந்த ஜன்னல் திறந்தது. ஓடினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். ஏணியடியில் எடுத்த குழுப்படத்தில் முதல் வரிசையில் நின்றாள்.

விஞ்ஞானம் என்னவெல்லாம் செய்கிறது என்று அன்றிரவு படுக்கையில் வியந்தாள். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. சந்தோஷப்படக்கூட ஒரு பட்டை வேண்டியிருக்கிறதே என்று.

"ஜெசி," என்றாள் பிலோமினா. கரண்டியைக் கீழே வைத்தாள். "உன்னட்ட ஒண்டு சொல்லோணும். கனநாளா நெஞ்சில கிடக்குது. அண்டைக்குப் போனில நான்…"

ஜெசிந்தா எழுந்தாள்.

அவள் முகத்தைச் சுடர்விழி அதற்குப் பிறகு பல நாள் மறக்கவில்லை. அரை நொடி முன்பு உதடு நடுங்கி, கண் நிறைந்து நின்ற அந்த முகத்தில் யாரோ விளக்குப் போட்டதுபோல் ஒரு மலர்ச்சி. கல்யாணப் பெண்ணின் மலர்ச்சி.

"ஐயோ, கப்பலுக்கு நேரமாச்சு!" என்று ஜெசிந்தா சிரித்தாள். "போயிட்டு வாறன் பிலோ. நண்டு நல்லா இருந்தது."

நண்டைத் தொட்டிருந்தாளே தவிர அவள் வாயில் வைக்கவில்லை. கைகூடக் கழுவாமல், குழம்பு வழிய, வாசலைத் தாண்டித் தெருவில் நின்ற ஓட்டோவை நோக்கி நடந்தாள். நடையில் ஒரு துள்ளல்.

பிலோமினா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

"பாத்தீங்களோ?" என்றாள் சுடர்விழியிடம். "இதுக்குத்தான் வந்தவ. என்ர மூஞ்சையைப் பாத்துச் சிரிச்சுப்போட்டுப் போறதுக்கு."

"இல்லக்கா, அது அவங்க இல்ல. கையில ஒரு பட்டை…"

"பட்டையோ? அவளுக்கு ஆரும் பட்டை கட்டத் தேவையில்லை. சின்னனிலயே உப்பிடித்தான். குத்திப்போட்டுச் சிரிப்பாள்." பிலோமினா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "நீங்களும் போங்கோ. உங்கட கப்பல் போயிடும்."

சுடர்விழி ஓடிப்போய் ஓட்டோவில் ஏறினாள். காலையிலிருந்து அவர்களோடு சுற்றும் நிஸார் வண்டியைக் கிளப்பினார். ஜெசிந்தா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன காத்து பாத்தியா சுடரு! இந்த ஊர்க் காத்தே தனி."

"அக்கா, பிலோமினா அக்கா என்னவோ சொல்ல வந்தாங்க."

"ஆமா, சொல்ல வந்தா. பாவம், நல்லவதான். சாயங்காலம் கப்பல்ல வாழைக்காய் பஜ்ஜி போடுவாங்கல்ல? சூடா இருக்கும்போதே போயிரணும்."

இந்தச் சந்தோஷம் வடிந்ததும் என்ன ஆகும்? கப்பல் கடலுக்குள் போயிருக்கும். நாளைக் காலை இவள் எழுந்து, தான் என்ன செய்தோம் என்று நினைத்துப் பார்ப்பாள். அங்கே ஒருத்தி அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டுவாள். இன்னொரு தடவை வருவதற்கு இருவருக்கும் வயதும் இல்லை, மனசும் வராது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிஸார் பிரேக் போட்டார். நடுரோட்டில் புள்ளிமான் கூட்டம் ஒன்று, மாடுகளைப்போல் சாவகாசமாய் நின்றது. ஒரு கொம்பன் மான் யாரோ போட்ட வாழைப்பழத் தோலை மென்றுகொண்டிருந்தது.

"இந்த ஊரு மான் அப்பிடித்தான் மேடம். இதுகளுக்கு ஹோர்ன் எல்லாம் கேக்காது" என்றார் நிஸார்.

மான்களைப் பார்த்து ஜெசிந்தா கைதட்டினாள். அப்போதுதான் சுடர்விழிக்கு உறைத்தது. நேரம் ஒன்றுதான், கப்பல் ஒன்றுதான், காப்பும் ஒன்றுதான். எனக்கு ஏன் எதுவுமே வரவில்லை?

பட்டைக்கும் தோலுக்கும் நடுவே சுண்டுவிரல் நகத்தை நுழைத்தாள். நகத்தில் மஞ்சள் ஒட்டியது. மூன்று சுற்றுக் கயிறு, வியர்வையும் மஞ்சளும் சேர்ந்து மெழுகுபோல் இறுகி, பட்டையின் அடிப்பக்கம் முழுவதையும் அவள் தோலில் படாமல் தாங்கிக்கொண்டிருந்தது.

முதல் நாளிலிருந்தே.

அப்படியானால் காலியில்? அந்த ஓட்டம்? அந்த மாங்காய்? ஆனால் அதை யோசிக்க இது நேரம் இல்லை.

ஜெசிந்தாவின் பட்டைக்குள் கைக்குட்டை நுனியை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. பூட்டைக் கப்பலில்தான் திறக்க முடியும். நுழையக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது தானாக அறுந்து விழ வேண்டியது.

'அம்மா, தப்புன்னா என்னைக் கேளு' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு சுடர்விழி கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஏய், என்ன பண்றே? எனக்கு எதுக்கு அது? விடு சுடரு, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று ஜெசிந்தா சிரித்தாள்.

எந்த ஜெசிந்தாவிடம் கேட்டுச் செய்வது? சிரிக்கிறவளிடமா, காலையில் மூன்று சேலை மாற்றினவளிடமா? சுடர்விழி சேலை மாற்றினவளிடம் கேட்டுக்கொண்டாள்.

"நிஸார் அண்ணே, நல்லாக் கேட்டுக்குங்க. வண்டியைத் திருப்பி அந்த வீட்டுக்கே போகணும். இன்னும் கொஞ்ச நேரத்துல நான் கப்பலுக்குப் போகச் சொல்லிக் கத்துவேன். கேக்காதீங்க. இந்த அம்மா சொன்னா மட்டும்தான் கப்பல்."

"என்ன மேடம் நடக்குது இதுக்குள்ள?"

"திருப்புங்கண்ணே!"

வண்டி திரும்பியது. தட்டையான அந்தக் கயிற்றை ஜெசிந்தாவின் பட்டைக்குள் இழுத்து இழுத்துச் செருகினாள். மூன்றாவது சுற்று உள்ளே போகவும், தளர்ந்திருந்த தன் பட்டை தானாக இறுகி மணிக்கட்டைக் கவ்வியதை உணர்ந்தாள். குளிர்ந்த விரல் ஒன்று தொட்டதுபோல் இருந்தது.

அப்புறம் அது வந்தது.

அடேயப்பா, எவ்வளவு இனிப்பு! கால், கை, வயிறு எல்லாம் ஒரே சமயத்தில் சிரித்தன. கப்பல், கப்பல், கப்பல். அதன் வெள்ளை விலாவும் படிக்கட்டும் நடைகூடத்துக் கம்பளமும்கூட ஏதோ பிறந்த வீடு மாதிரி மின்னின. வண்டி எதிர்த்திசையில் போவது தாங்க முடியாத தமாஷாக இருந்தது.

"நிஸார் அண்ணே, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். திருப்புங்க. கப்பலுக்கு நேரமாச்சு."

"நீங்கதானே மேடம் கேக்க வேணாமெண்டு சொன்ன?"

"நான்தான் இப்ப சொல்றேன்ல!"

"அந்தம்மா சொல்லட்டும்."

அந்தம்மா சொல்லவில்லை. ஜெசிந்தா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் நண்டுக் குழம்பு காய்ந்திருந்தது.

"சுடரு," என்றாள் மெல்ல. "நான் சிரிச்சிட்டா வந்தேன்?"

சுடர்விழி சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்கு உள்ளே, ஒரு மூலையில், வகுப்பில் செடியை அறுத்துப் பார்க்கும் அதே பெண் உட்கார்ந்து இதையும் அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலியில் வந்ததற்கு மாங்காயின் ருசி இருந்தது, காற்று இருந்தது, கல் சுட்ட உள்ளங்கால் இருந்தது. இதற்கு எதுவும் இல்லை. இது சர்க்கரை மட்டும். இது வேறு. அது என்னுடையது.

பிலோமினா முற்றத்தில் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தத் தட்டு அப்படியே இருந்தது. ஓட்டோ நின்ற சத்தத்துக்குத் தலை நிமிரவில்லை.

"என்ன, மிச்சச் சிரிப்பையும் சிரிச்சுப்போட்டுப் போக வந்தனியோ?"

"பிலோ, அது நானில்லையடி."

"வேற ஆர்?"

ஜெசிந்தா மணிக்கட்டை நீட்டினாள். பிலோமினா அதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அக்காவுக்குப் பின்னால், வாசல் நிலையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கன்னமெல்லாம் நீர் வழியச் சிரித்துக்கொண்டு நின்ற சுடர்விழியைப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன?"

"என்னைப் பிடிச்சது இப்ப அவளைப் பிடிச்சிருக்குது. எனக்காகத்தான் வாங்கிக்கொண்டாள்."

"அக்கா, நான் போறேன்" என்று சுடர்விழி சிரித்தபடி படியிறங்கினாள். "நீங்க பேசிட்டு வாங்க, நான் முன்னாடி போறேன், கப்பலுக்கு…"

பிலோமினா சட்டென எழுந்தாள். கொடியில் கிடந்த துண்டை உருவி, சுடர்விழியை முன்னறைக்குள் இழுத்துப்போய் உட்கார வைத்து, அவள் கையை மேசைக் காலோடு சேர்த்துக் கட்டினாள். கன்றுக்குட்டிக்குப் போடும் முடிச்சு.

"நீ இரு பிள்ளை. ஓடுற நேரம் வந்தா நானே அவிட்டு விடுறன்."

அப்படித்தான் சுடர்விழி அந்தச் சமாதானத்தைக் கேட்டாள். மேசைக்காலில் கட்டுண்டு, கால்கள் தாமாகத் தரையில் தாளம் போட, சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டு.

"அம்மா செத்த அண்டு போனில நீ அழேல்ல ஜெசி. ஒரு சொட்டும் அழேல்ல. கல்லு மாதிரி 'எப்ப அடக்கம்' எண்டு கேட்டனி. அதுதான் எனக்குக் கோவம். இனி என்ர வாசல் மிதிக்காதை எண்டனான். அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கோணுமெண்டு எத்தினை வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன் தெரியுமோ?"

"நான் அழுதா நீ விழுந்திடுவாய் எண்டு அழேல்லையடி. நீ அங்க தனிய நிண்டனி. போனை வச்சிட்டு ஆஸ்பத்திரிப் படியில இருந்து அழுதனான்."

"அதைச் சொல்லியிருக்கலாமே!"

"நீ எங்க சொல்ல விட்டனி?"

பிறகு பிலோமினா, "நண்டு ஆறிப்போச்சு" என்றாள். ஜெசிந்தா, "பரவாயில்லை, தா" என்றாள். சப்புக்கொட்டிச் சாப்பிடும் ஓசை கேட்டது. இடையிடையே இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டார்கள். சுடர்விழி தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு விஷயத்தின் முடிவு வரை இருந்தாள். கட்டிப்போட்டதால்தான் என்றாலும்.

"மேடம்மாரே!" வெளியிலிருந்து நிஸார் கத்தினார். "கப்பல் உங்களுக்கா நிக்காது!"

பிலோமினா முடிச்சை அவிழ்த்தாள். ஜெசிந்தா நகரவில்லை. தங்கையின் தோளைப் பிடித்தபடி நின்றாள். இனி இழுப்பது எதுவும் இல்லை அவளுக்கு.

"போ அக்கா. அடுத்த முறை பிளேனில வா. அதுக்கு இப்பிடி ஒண்டும் கட்டமாட்டாங்களாம்" என்றாள் பிலோமினா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அதற்குமேல் சுடர்விழிக்குப் பொறுக்கவில்லை. உள்ளே அடைபட்ட அத்தனை இழுப்பும் அவள் காலுக்கு வந்தது. ஜெசிந்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பறந்தாள். நிஸார் கல்லிலும் குழியிலும் வண்டியை எகிற வைத்தார். மான்கள் மறுபடியும் நடுரோட்டில் நின்றன. "இறங்குங்க!" என்று கத்திக்கொண்டு சுடர்விழியே குதித்து, இரண்டு கையையும் விரித்து 'ஹோய், ஹோய்' என்று ஓட, கொம்பன் மான் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒதுங்கியது. கடைவீதியில் ஆட்கள் நின்று விசில் அடித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அதில் பட்டையின் சிரிப்பு எவ்வளவு, தன் சிரிப்பு எவ்வளவு என்று அந்த ஓட்டத்தில் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

துறைமுக வாசலில் இறங்கினார்கள். அப்பால் கப்பல், வெள்ளை மாளிகைபோல். சங்கு ஊதியது. மேல்தளத்தில் தலைகள். யாரோ கண்டுவிட்டார்கள். "அதோ! ரெண்டு பேர்!" என்று குரல்கள் கிளம்பின. கைகள் ஆடின, கைபேசிகள் உயர்ந்தன.

"எனக்கு மூச்சு வாங்குதுடி. நீ போ" என்றாள் ஜெசிந்தா.

"வாங்கக்கா, பஜ்ஜி ஆறிடும்!"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய சொந்தச் சிரிப்பு. ஓடினார்கள். படிக்கட்டின் கீழ்ப்பலகை தரையைவிட்டு எழும்பத் தொடங்கியிருந்தது. வள்ளியூர்ப் பெண் மேலிருந்து, "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று அலறினாள். பலகை ஒரு முழம் இறங்கியது. சுடர்விழி ஜெசிந்தாவைத் தள்ளி ஏற்றிவிட்டுத் தானும் தாவினாள். மேலே கரகோஷம்.

கப்பல் தரையில் அவள் கால் பட்டதும், விளக்கை அணைத்ததுபோல், எல்லாம் நின்றது. பிறந்த வீடு மறைந்து வெறும் கம்பளமும் குழல்விளக்கும் மிஞ்சின. வேறு யாரோ அழுவதுபோல் அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

அறையில் முரளி காத்திருந்தார். முழங்கால் வலியால் அவர் எந்தத் துறைமுகத்திலும் இறங்கவில்லை. எதிரே நிரஞ்சன், மடியில் ஒரு டேப்லெட்டோடு. மேசைமேல் மூன்று கோப்பை டீ.

"எங்க போயிட்டே சுடர்? மேல நின்னு பார்த்துட்டே இருந்தேன். எல்லாரும் வந்தாச்சு, உன்னை மட்டும் காணோம். உயிரே போயிடுச்சு."

"ஜெசிந்தாக்கா தங்கச்சி வீட்டுல இருந்தோம்."

"சரி, வந்துட்டியே. அது போதும்." அவர் குரலில் கோபம் இல்லை. எப்போதும் இல்லாததுபோலவே. "சாரோட பேசிட்டிருந்தேன். இந்தக் காப்பை வீட்டுக்கும் தர்றாங்களாம். கப்பல்ல வந்தவங்களுக்கு முதல்ல. ஆஸ்பத்திரிகள்லயிருந்து கேட்டிருக்காங்களாம், நர்சுங்க ஆசையா டூட்டிக்கு வர்றதுக்கு. பள்ளிக்கூடமும் கேட்டிருக்காம். நான் உனக்கு ஒண்ணு வாங்கிட்டேன்."

இளநீல நிறத்தில் ஒரு பட்டையை அவர் பெட்டியிலிருந்து எடுத்தார். பிறகு கைபேசியை நீட்டினார். காலியில் எடுத்த குழுப்படம். முதல் வரிசையில், கையில் செருப்போடு, முடி பறக்க, பல் தெரிய அவள்.

"இந்தச் சிரிப்பைப் பாரு. கல்யாணம் ஆன இத்தனை வருஷத்துல நீ ஒரு நாளாவது இப்படி வீட்டுக்கு வந்திருக்கியா? கதவைத் திறந்தா பயந்த முகம்தான் நிக்கும். நான் ஒண்ணும் சொல்றதில்லையே, ஏன் இப்படி வர்றான்னு நினைப்பேன். எனக்கும் ஆசை இருக்காதா?"

அவர் அதை உண்மையாகவே சொன்னார். அதுதான் சுடர்விழிக்கு வலித்தது. இத்தனை வருடம் அந்தக் கதவின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் தனித்தனியாகக் கஷ்டப்பட்டிருக்கிறார்கள்.

நிரஞ்சன் தொண்டையைச் செருமினான். "அதுல ஒரு சின்ன விஷயம் சார். மேடமோட பட்டை காலியில வேலை செய்யல. கொழும்புலயும் செய்யல. தோலைத் தொடவே இல்ல, நடுவுல ஏதோ இருந்திருக்கு. நேரத்துக்கு வர்றவங்களோட பதிவை யாரும் பார்க்கறதில்ல, அதான் தெரியாமப் போச்சு. இன்னிக்கு மதியத்துலயிருந்துதான் சரியா வேலை செஞ்சிருக்கு."

"இன்னிக்குத்தானே கடைசி ஆளா வந்தா?"

"ஆமா சார். அழுதுட்டு வேற வந்தாங்க. அதான் எங்களுக்கே புரியல."

முரளி படத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு கேள்வி எழுந்து, வாய்வரை வந்து, அதைக் கேட்கும் தைரியம் இல்லாமல் திரும்பிப் போனதை அவள் கண்டாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். காலியில் என்னை யாரும் 'எங்க இருக்கே' என்று கேட்கவில்லைங்க, அவ்வளவுதான் என்று.

அவர் கேட்கவில்லை. பட்டையின் பூட்டைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார்.

"அப்படின்னா இதைச் சரியாக் கட்டிப் பார்ப்போம். எனக்காக, சுடர். கையக் குடு."

வெளியே கரை நகரத் தொடங்கியிருந்தது. அவள் மணிக்கட்டில் கயிறு இருந்த இடத்தில் மூன்று மஞ்சள் கோடுகள். அதை மற்றக் கையால் மெல்லத் தேய்த்துக்கொண்டாள். அந்த இனிப்பு நினைவில் இருந்தது. வேண்டுமென்று நாக்கு ஊறவும் செய்தது. இருந்தாலும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க," என்றாள். "டீ ஆறுது, குடிங்க."